தண்ணீர் கேட்டவளின் நாலாம் பாகம்

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிதில், மாமியாரைவிட என் ஓரகத்தியைக் கண்டுதான் எனக்குப் பயம். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். நாள் முழுக்கச் சேர்த்தாலும் பத்து வார்த்தை பேசமாட்டாள். நான் அரிந்து வைத்த கத்தரிக்காயை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையிலேயே துண்டு பெரிதாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

என் கணவர் கோர்ட்டில் குமாஸ்தா. வழக்குக் கட்டுகளோடு திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் ரயிலில் பொழுது போக ஏதாவது ஒரு நாவல் வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் அதைப் பெட்டியில் போட்டு மறந்துவிடுவார். அப்படிக் கிடந்த ஒரு புத்தகத்தை ஒருநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, அரங்கு வீட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு எனக்கு. வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். முணுமுணுவென்று படித்துக்கொண்டே வந்தவள் தலையைத் தூக்கினால், எதிரே அக்கா என்று நான் கூப்பிடும் ஓரகத்தி நிற்கிறாள்.

"என்னட்டி அது?"

"கதை, அக்கா."

மாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுவாள் என்று நடுங்கிப்போனேன். அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, முறத்தில் உளுந்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "முதல்ல இருந்து சத்தமாப் படி" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அது பேய்க்கதை. ஒரு ஜமீன் வீட்டில் மருமகளை ஒரு அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். தாகத்தால் தவித்தே அவள் செத்துப்போகிறாள். அதன் பிறகு உச்சி வெயில் நேரத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நிற்பாள். "கொஞ்சம் தண்ணி தாங்களேன்" என்பாள். அவள் பேசுவது அது ஒன்றுதான். கொடுத்தால் குடத்துத் தண்ணீர், தொட்டித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் குடித்துத் தீர்ப்பாள். கொடுக்காவிட்டால் அந்த வீட்டில் யாராவது ஒருவருக்கு அடங்காத தாகம் பிடித்துக்கொள்ளும். பதினைந்து நாளில் படித்து முடித்தோம். அடுத்த பாகம் வந்தால் வாங்கி வரச் சொல்லி என் கணவரிடம் நான்தான் கேட்டேன். கேட்கச் சொன்னது அக்கா.

இரண்டாம் பாகம் படித்துக்கொண்டிருந்த சித்திரை மாதத்தில் ஒருநாள் மத்தியானம் வாசலில் ஒரு குரல். "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க."

என் கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது. அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தோம். ஒரு பெண் நின்றிருந்தாள். சேலையின் கீழ்விளிம்பு மண்ணில் புரண்டு காலை மறைத்திருந்தது.

"காலு தெரியுதாட்டி?"

"தெரியலயே அக்கா."

"குடுக்காம இருந்தா நம்ம வீட்டுல யாருக்காவது பிடிச்சுக்கிடும்" என்றாள் அக்கா. பிறகு எழுந்து, பெரிய செம்பு நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவளே போனாள். செம்பு ஆடி அவள் சேலையெல்லாம் தண்ணீர். அந்தப் பெண் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று செம்பை நீட்டினாள். அக்கா ஐயோ என்று அலறியதில் மாமியார் எழுந்து ஓடி வந்தார். வந்தவள் மலையிலிருந்து தேன் கொண்டு வந்து விற்கிறவள். கூடையை நடைக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்திருந்தாள். மாமியார் கேட்ட கேள்விகளுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னோம். பூரான் ஓடியது என்று. அன்றோடு அக்காவைக் கண்டு பயப்படுவதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் பாகத்தில் ஒரு மந்திரவாதி அவளைச் செம்புக் குடத்துக்குள் அடைத்துக் கடலில் போட்டுவிட்டான். 'முற்றும்' என்று போட்டிருந்தது. படித்து முடித்ததும் அக்கா உளுந்து முறத்தைத் தள்ளி வைத்தாள். "போட்டதுதான் போட்டான், உப்புத் தண்ணியிலயா போடணும்?" என்றாள்.

அதற்கப்புறம் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தார்கள். சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் முகம் கொடுத்துப் பேசுவது குறைந்துபோயிற்று. கடையம் பக்கத்து வயல்கள் மூத்தவரான அத்தான் பங்குக்கு வந்ததால் அவர்கள் அங்கே குடிபோனார்கள். அக்காவை நான் பார்ப்பது வருஷத்துக்கு ஒருமுறை, குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில். அந்த ஒரு வாரம் மட்டும் இரண்டு குடும்பமும் சேர்ந்து அருவிக்குப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்குவது மாமியார் போட்ட விதி. அவர் இறந்த பிறகும் யாருக்கும் அதை மீறத் துணிவில்லை.

யுத்த காலத்தில் ஒருநாள் என் கணவர் திருநெல்வேலியிலிருந்து வந்து, குடையை மூலையில் சாத்திவிட்டு, "உன் பேய் திரும்ப வந்துட்டுது" என்றார். கையில் நாலாம் பாகம். எனக்கு அப்போது மூன்று குழந்தைகள். நான் அதைப் பிடுங்கிய வேகத்தைப் பார்த்து மூத்தவன் சிரித்தான்.

குற்றாலம் போக இன்னும் பதினோரு நாள் இருந்தது. அக்காவோடுதான் படிப்பது என்று தீர்மானம் செய்து, புத்தகத்தைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள், முதல் பக்கம் மட்டும் என்று எடுத்தேன். ஒரு மீன்காரன் வலையில் குடம் சிக்குகிறது. மூடி லேசாகத் திறந்திருக்கிறது. முதல் அத்தியாயம் முழுவதும் படித்துவிட்டுத்தான் வைத்தேன்.

குற்றாலத்தில் இறங்கியதும் புத்தகத்தைக் காட்டினேன். அக்கா அதை வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்தாள். "கடையத்துலயும் ஒரு வீட்டுல வாங்கியிருக்காவ. எம்மவ இரவல் வாங்கியாந்து படிச்சுக் காட்டுதேன்னா. வேண்டாம், சித்தி வரட்டும்னு சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் காலை அருவியில் குளித்துவிட்டு வந்து, மாடி அறையில் தலையை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். கயிறு கயிறாக ஈரச் சேலைகள் தொங்கின. வெளியே சாரல். யுத்த காலத்துத் தாள், பழுப்பாக, பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிற மாதிரி. படிக்க ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் போயிருக்கும்.

"நிறுத்து" என்றாள் அக்கா. "இதை நீ முன்னமே படிச்சிருக்கே."

"இல்லக்கா."

"தட்டாமப் படிக்கே. மூடி திறக்குத இடத்துல உனக்குக் குரலே இறங்கல. எங்கிட்டயா பொய் சொல்லுதே?"

ஒப்புக்கொண்டேன். ஒரு அத்தியாயம்தான் என்று எல்லாத் தெய்வத்தின் மேலும் சத்தியம் செய்தேன். அவள் எழுந்து கீழே போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் ரசம் ஊற்ற மறந்துபோனாள். சாயங்காலம் எல்லாருமாக வண்டி கட்டி ஐந்தருவிக்குப் போனோம். அங்கேயும் பேச்சில்லை. ஒரே பிரிவின் கீழே பக்கத்துப் பக்கத்தில் நின்று குளித்தோம். தலையில் தண்ணீர் இடிக்கிற சத்தத்தில் அவள் ஏதோ கத்தினாள்.

"என்னக்கா?"

"அந்த மீன்காரன் என்னட்டி ஆனான்னு கேட்டேன்!"

தெரியாது, அங்கேயே நிறுத்திவிட்டேன் என்று நானும் கத்தினேன். அவள் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தாலும் சிரிப்பது தெரிந்தது.

அடுத்த மூன்று நாளும் மாடி அறைதான். கதை எங்களை ரொம்பச் சோதித்தது. மூன்று பாகத்தில் ஒரே ஒரு வார்த்தை பேசியவள் இந்தப் பாகத்தில் வாயை மூடுவதே இல்லை. கதர் உடுத்துவதைப் பற்றி மூன்று பக்கம், கள்ளுக்கடைகளைப் பற்றி நாலு பக்கம். நடுவில் இரண்டு பாட்டு வேறு.

"இவளுக்கு யாருட்டி இம்புட்டுப் பேசப் படிச்சுக் குடுத்தது? குடத்துக்குள்ள வாத்தியார் வச்சிருந்தாங்களோ?"

"எழுதுனவருக்கு வயசாயிருக்கும் அக்கா."

"வயசானா பேய் என்ன பண்ணும், பாவம்."

அலுப்போடுதான் ஏழாம் அத்தியாயத்துக்கு வந்தோம். உச்சி வேளை. புதுப்பெண் ஒருத்தி வீட்டில் தனியாக இருக்கிறாள். வாசலில் நிழல் விழுகிறது. எங்களுக்குத் தெரியும், இப்போது தண்ணீர் கேட்பாள். அக்கா கொட்டாவிகூட விட்டாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். நிழல் பேசியது.

'தண்ணி கொண்டு வந்திருக்கேன். குடிக்கியா?'

அதைப் படித்த என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஈரச் சேலை ஒன்று காற்றில் ஆடி என் தோளில் பட்டது.

"மூடு புஸ்தகத்தை" என்றாள் அக்கா.

மூடினேன். கீழே பிள்ளைகள் சத்தம் கேட்டது. அருவிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "திறட்டி" என்றாள்.

அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்தோம். மீதிக் கதை எப்படிப் போனால் என்ன என்று ஆகிவிட்டது. கடைசியில் எல்லாருக்கும் கல்யாணம் நடந்து, பேய் காவேரியில் முழுகி மோட்சம் போனாள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே பாதியில் தூங்கிப்போனாள். நானும் எழுப்பவில்லை.

என் கணவர் புத்தகம் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "முக்கால்வாசியை அருவியில விட்டுரலாம். ஆனா வாங்கினது வீண் போகல" என்று அக்காவே பதில் சொன்னாள். அவரிடம் அவள் நேராகப் பேசி ஐந்தாறு வருஷமாகியிருந்தது. அவர் உடனே, "அஞ்சாம் பாகம் வந்தாலும் வாங்கிட்டு வாரேன் மதினி" என்றார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அக்காவின் மகள் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, காலைக் காப்பிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் மளமளவென்று படித்து முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷெல்லாம் படிக்கிற பெண். நாங்கள் இருவரும் வேலை செய்வதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாம் அத்தியாயத்தில் அவள் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

"பயமா இல்லையாளா?" என்று அக்கா கேட்டாள்.

"இதுல என்னம்மா பயம்? தண்ணிதானே குடுக்கா."

புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு அவள் தலைசீவப் போய்விட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஒருத்தி படிக்க, பக்கத்துல உக்காந்து கேட்டுப் பழகல, பாவம்" என்றாள் அக்கா. பெட்டியைக் கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்காக நாங்கள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.