ஐஸ்கிரீம் டப்பாவில் குழம்பு

தொட்டி மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்த பிறகுதான் நொரீன் ஹக்கெட் காலைத் தேநீரைத் தொடுவாள். "நல்லா தின்னிருக்கானுங்க" என்பாள். மழை நனைத்த மண்வாசம் வந்தால் பசங்க நலம். அழுகிய முட்டை நாறினால் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது.

பசங்க என்றால் பாக்டீரியா. மெக்காய் ஊரின் பழைய ரயில் கொட்டடி மண் முழுக்க டீசல் குடித்துக் கிடக்கிறது. அதை இயந்திரத்தில் அலசுகிறார்கள். அலசிய கறுப்புத் தண்ணீர் நொரீனின் தொட்டிக்கு வரும். பசங்க டீசலைத் தின்று தீர்க்க, தெளிந்த நீர் ஓடைக்குப் போகும். கொட்டடிச் சாக்கடைச் சேற்றிலேயே டீசல் குடித்து வளர்ந்த கூட்டம் அது; அள்ளி வந்தவள் நொரீன். "என் முன்னாள் புருஷனும் கண்டதைக் குடிப்பான். இவனுங்க குடிச்சா வேலையாவது நடக்குது."

வெள்ளிக்கிழமைதோறும் முறைவைத்து ஒருவர் எல்லோருக்கும் பீர் வாங்கித் தருவது அங்கே வழக்கம். தன் முறை வந்தால், கரும்பாலையில் கெஞ்சி வாங்கிய கழிவுப்பாகில் ஒரு வாளி தொட்டிக்கும் ஊற்றுவாள். "அவனுங்க மட்டும் என்ன பாவம் பண்ணானுங்க?"

போன வாரம் பிராடி என்ற புது மேற்பார்வையாளன் வந்தான். அதிகாரிகள் பார்வையிட வரும்போது நாறக் கூடாதென்று, நீச்சல்குளத்துக் குளோரினைத் தொட்டியில் கொட்டிவிட்டான். நொரீன் மோந்தாள். ஆஸ்பத்திரிக் கக்கூஸ் வாசம். பசங்க மொத்தமும் காலி. தண்ணீர் தெளியாவிட்டால் ஓடைக்கு விட முடியாது. வேலையையே நிறுத்த வேண்டும்.

அவள் பதறவில்லை. தொட்டியை வடித்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினாள். இனி பசங்களைத் திரும்ப வளர்க்க விதைதான் வேண்டும். அது சாப்பாட்டு அறைக் குளிர்பெட்டியில், ஐஸ்கிரீம் டப்பாவில், முன்பே எடுத்து வைத்த கொழகொழச் சேறாகத் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் தூக்கி எறியாதிருக்க 'நொரீன் வீட்டுக் குழம்பு' என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

அவள் எடுக்கப் போனபோது டப்பா பிராடியின் மேசையில் காலியாக இருந்தது. அவன் முன்னால் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட ஒரு மீட் பை; அதன்மேல் கறுப்பாக வழிந்தது குழம்பு.

"உன் குழம்புல கொஞ்சம் எடுத்துக்கிட்டேன், நொரீன். உப்பே இல்ல."

"கொஞ்சமா?"

"பசி."

"சூடு பண்ணினியா, ராசா?"

"மைக்ரோவேவ் ரிப்பேரு. அப்படியே ஊத்திக்கிட்டேன்."

பசங்க வெந்து சாகவில்லை; அவளுக்கு மூச்சு திரும்பியது. "முழுங்கினியா?"

"ஒரு வாய். துப்பிட்டேன்."

"எங்க?"

அவன் கசங்கிய காகிதத் துண்டைக் காட்டினான். நொரீன் அவன் கரண்டியைப் பிடுங்கி, மீட் பையின் மேலிருந்ததை எல்லாம் டப்பாவுக்குள் வழித்தாள். பிறகு அந்தக் காகிதத்தையும் விரித்து, ஒருமுறை மோந்து பார்த்து, டப்பாவுக்குள் உதறினாள்.