வீட்டுப் பாத்தி

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு. கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த கைபேசி அதிர்ந்தது. தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்துத் துண்டு வைத்திருக்கும் அக்கா.

"டீச்சர், உடன வாங்க. உங்கட மகள் இங்க விழுந்து கிடக்கிறா. சத்தி எடுக்கிறா, வேர்த்து ஊத்துது."

மகள் சிலாபத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அன்று மத்தியானம் வருவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ முதல் பஸ்ஸிலேயே ஏறி வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், பையைத் தோளில் போட்டபடி நேரே தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். என் கையிலிருந்த வெண்கட்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. அக்கா மீதியைச் சொல்லும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

தோட்டம் என்று நாங்கள் சொல்வது மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மணல் காணி. எதற்கும் வரிசையில் நின்ற அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பங்குச் சுவாமியார் அதைப் பத்துப் பத்துப் பேர்ச் துண்டுகளாகப் பிரித்து ஊர்க் குடும்பங்களுக்குக் கொடுத்தார். நடுவில் ஒரு பொதுக் கிணறு. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் யாரும் துண்டை விடவில்லை. நீளமான பாத்திகள் சந்தைக்கு. அவற்றுக்குப் பூச்சி மருந்து அடிப்போம். கிணற்றடிப் பக்கம் ஒரு சின்னப் பாத்தி வீட்டுக்கு. அதற்கு அடிப்பதில்லை. மருந்து அடித்த பாத்தியின் தலைமாட்டில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும், துணி இருக்கும்வரை ஒரு காயும் ஆயக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். எதற்கும் பயப்படுகிறவள் நான். பயப்படுகிறவர்கள்தான் சட்டம் போடுவார்கள்.

"பூச்சியும் இனி கையத் தூக்கிக் கேட்டுட்டுத்தான் உள்ள வரோணும் போல, டீச்சர்," என்று சட்டம் போட்ட அன்று அக்கா எல்லாரையும் சிரிக்க வைத்தாள். ஒருமுறை அவள் துணி கட்ட மறந்தபோது, பிள்ளைகளைக் கண்டிப்பது போல எல்லார் முன்னாலும் அவளைக் கண்டித்திருக்கிறேன்.

முந்தின நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், சந்தைப் பாத்திகளுக்கு அடித்து முடித்தபோது மருந்து டாங்கியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடியில் தங்குவது நன்றாகத் தடித்திருக்கும். மணலில் ஊற்றினால் கிணற்றுக்கு இறங்கிவிடும் என்று பயந்தேன். வீட்டுப் பாத்தியில் பயற்றங்கொடியின் நுனியெல்லாம் அழுக்கணவன் பூச்சி மொய்த்திருந்தது. மகள் இரண்டு வார லீவில் வருகிறாள், கொடி பட்டுப்போனால் அவளுக்குப் பால்கறி வைக்க ஒன்றும் இருக்காதே என்று நினைத்தேன். மிச்சத்தை அதிலே அடித்தேன். துணி கட்டவில்லை. வீட்டுப் பாத்திக்குக் கம்பு நட்ட பழக்கமே எங்களில் யாருக்கும் இல்லை. ஆய்வதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அவள் வந்ததும் வாயால் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். கொடிக்குள் நின்றபடி பிஞ்சுப் பயற்றங்காயைப் பச்சையாகக் கடித்துத் தின்பாள். அன்று வெறும் வயிற்றோடு வந்தவள். பத்துப் பன்னிரண்டாவது தின்றிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் தாதி முதலில் சிங்களத்தில் கேட்டாள், பிறகு எனக்காகத் தமிழில் கேட்டாள்: "என்ன குடிச்சது?"

"குடிக்கல்ல மிஸ். காய் திண்டவ. நான்தான் அடிச்சன்."

அவள் என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு இளம்பெண் மருந்து மணத்தோடு வந்தால் எல்லாரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள். டொக்டர் மட்டும் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். நான்கு நாள். இரண்டாம் நாள் மகளின் கண்மணிகள் ஊசிமுனை அளவிலிருந்து கொஞ்சம் விரிந்தன. அவள் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் வெளியே போய் அழுதேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா பார்க்க வந்தாள். மகள் உள்ளே படுத்திருந்தாள். அக்கா வாசலிலேயே குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளைக்கு என்ன குறை, டீச்சர்? ஆராவது பொடியன்ட விசயமோ? ஊருக்குள்ள அப்படித்தான் கதைக்கிறாங்க."

ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். டொக்டரிடம் சொன்னதுதானே. ஆனால் எதிரே நின்றவள், துணி கட்டாததற்கு நான் கண்டித்த அதே பெண். "அப்படியெல்லாம் ஒண்டுமில்ல அக்கா. வயிறு சரியில்ல," என்றேன். அக்கா பெருமூச்சு விட்டாள். அவள் என்ன முடிவோடு திரும்பிப் போனாள் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே போனபோது மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "என்னைப் பற்றி என்ன வேணும் எண்டாலும் கதைக்கட்டும், என்ன அம்மா?" என்றாள். கோபமே இல்லாத குரல்.

அதன்பிறகு லீவுக்கு வந்தால் மீனும் முட்டையும் மட்டும் தொட்டுக்கொள்வாள். "மரக்கறி வேணாம்மா, இது போதும்." தோட்டத்தின் பக்கமே போவதில்லை. முன்பெல்லாம் தொலைபேசியில் முதல் கேள்வியே "இண்டைக்கு என்ன கறி?" என்பதுதான். அந்தக் கேள்வி நின்றுபோயிற்று.

வெயில் காலத்தில் பூசணி காய்த்தது. தேங்காய்ப்பூ வறுத்துப் போட்டுக் கறி வைத்தேன்; நானும் என் கணவரும் மட்டும் சாப்பிட்டோம். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து மணலை அள்ளி வரும் கச்சான் காற்றில் வெண்டியைத் தவிர ஒன்றும் நிற்கவில்லை. அதை மாசிக் கருவாடு போட்டு வதக்கி, தலைவாசலில் ஆறவைத்து, டப்பாவில் அடைத்து, பஸ்ஸில் போகிறவர்களிடம் விடுதிக்குக் கொடுத்தனுப்பினேன். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. அறைத் தோழிகள்தான் சாப்பிடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் மூன்று தண்ணீரில் கழுவுவேன், உப்பில் ஊறவைப்பேன், முகர்ந்து பார்ப்பேன். சோற்றில்கூட எனக்கு அந்த மணம் வந்தது.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும், யார் என்ன நடுவது என்று பேசக் கிணற்றடியில் எல்லாரும் கூடினோம். வழக்கம்போலச் சட்டங்களை வாசிக்க என்னை எழுப்பினார்கள். சிவப்புத் துணி என்ற வரி வந்ததும் தாளை மடித்தேன்.

"என்ட மகள் ஒண்டும் குடிக்கல்ல," என்றேன். "டாங்கி மிச்சத்தை நான்தான் வீட்டுப் பாத்திக்கு அடிச்சன். துணி கட்டல்ல. அவ தெரியாம ஆஞ்சு திண்டுட்டா."

அக்கா, "நாங்களும் மிச்சத்தை அங்கதான் டீச்சர் அடிக்கிறம்," என்றாள். யாரும் மறுக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "நான் பிள்ளையைப் பற்றி நாலு இடத்துல சொல்லிட்டனே," என்றாள். "இத நீங்க அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

ஓம், சொல்லியிருக்கலாம். எட்டு மாதம்.

அன்றே மகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "ம்," என்றாள். பிறகு, "பரீட்சை இருக்கு அம்மா, வைக்கிறன்," என்றாள்.

இந்த வருடம் மருந்தை நான் கையால் தொடவில்லை. வீட்டுப் பாத்தியில் மறுபடி பயறு நட்டேன். பாதியைப் பூச்சி தின்றது. தின்னட்டும் என்று விட்டேன். வாடைக்காற்று தணிந்த தை மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை, குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மணலில் செருப்புச் சத்தம். நிமிர்ந்தேன். மகள். தோளில் அதே பை. ஒரு வருடத்துக்குப் பிறகு தோட்டத்துக்குள் கால் வைத்திருக்கிறாள். பாத்தியின் தலைமாட்டில் நின்றாள். கம்பு இருக்கிறதா, துணி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இதுக்கு என்ன அடிச்சீங்க?"

"ஒண்டும் அடிக்கல்ல மகள்."

அவள் கொடிக்குள் கையை விட்டாள். ஒரு பிஞ்சை ஆய்ந்தாள். வாய்வரை கொண்டுபோன கை நின்றது. பிறகு அந்தப் பயற்றங்காயை என் பக்கம் நீட்டினாள்.

"முதல்ல நீங்க திண்டு காட்டுங்க, அம்மா."