பெரிய வெள்ளியன்று இரும்பு

மலாயாவில் ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களை ஆண்ட துரை ஸ்காட்லாந்துக்காரன். பெரிய வெள்ளியன்று மண்ணில் இரும்பு படக் கூடாது என்பது அவன் ஊர் வழக்கமாம். ஏசுவுக்கு ஆணி அடித்த நாளாம். முதல் நாள் சாயங்காலமே மண்வெட்டிகளை எல்லாம் வாங்கி ஸ்டோரில் பூட்டிவிடுவான். மரத்தில் மட்டும் கத்தி படலாம். பால் வெட்டாவிட்டால் துரைக்கு நட்டமாயிற்றே! அதற்கு எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

மண்வெட்டியால் புல் வெட்டும் பெண்களான எங்களுக்கு அது கொண்டாட்டம்தான். "துரையோட சாமி நல்ல சாமிடீ, ஒரு நாளாச்சும் இடுப்ப நிமித்த விடுது" என்று சிரிப்போம்.

ஒரு வருஷம் பெரிய வெள்ளி விடிகாலையில் என் மகள் செத்துப்போனாள். பல் முளைக்காத பிள்ளை. ஒரே இரவுக் காய்ச்சல்.

வெயில் ஏறுவதற்குள் அடக்கம் பண்ண வேண்டும். காட்டுப்பன்றி திரிகிற இடம். இடுப்பளவு ஆழம் வெட்டாமல் யாரையும் புதைக்க மாட்டோம். மண்வெட்டி கேட்டு என் புருஷன் ஆபீசுக்கு ஓடினார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி உள்ளே போய்த் துரையிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"துரை ஏலாதெண்டிட்டார். அவையின்ட ஊரில பெரிய வெள்ளியில அடக்கம் எண்டா முதல் நாளே கிடங்கு வெட்டி வைப்பினமாம். நீங்களும் நேற்றே வெட்டியிருக்கலாமாம். இண்டைக்கு மரத்தாலதான் கிண்ட வேணும்."

"நேத்து எம்புள்ள பால் குடிச்சிச்சுய்யா!" என்று கத்தினேன். "பால் குடிக்கிற புள்ளைக்கா குழி வெட்டச் சொல்றாரு? அவரு புள்ளைக்கு வெட்டி வப்பாரா?"

துரை ஜன்னலோரம் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். பாவி, துக்கம் அனுசரித்தானாம்.

என் புருஷனும் தம்பியும் உலக்கையாலும் சோற்றுத் துடுப்பாலும் குத்திக் கிளறினார்கள். காவலுக்கு வந்த கங்காணி உலக்கையின் இரும்புப் பூணைக் கூடக் கழற்ற வைத்தான். செம்மண் காய்ந்து கல்லாய்க் கிடந்தது. மத்தியானம் வரை கிண்டியும் முழங்கால் ஆழம் வரவில்லை. பிள்ளை வீங்க ஆரம்பித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அந்தப் பள்ளத்திலேயே வைத்து மூடி, மேலே கல் அடுக்கினோம்.

சனிக்கிழமை காலை பெயர் கூப்பிடும்போது கங்காணி என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தான்.

"இப்பப் போய் ஆழமா வெட்டி வச்சுட்டு வா. துரை பெர்மிஷன் குடுத்திருக்காரு."

பெரிய மனசு! ஓடினேன். கற்கள் உருண்டு கிடந்தன. பள்ளம் வெறுமையாக இருந்தது. பிள்ளையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி மட்டும் கிழிந்து லாலான் புல்லில் சிக்கியிருந்தது. இடுப்பளவு ஆழம் வெட்டி அந்தத் துணியைப் புதைத்தேன்.