ஓரம் சீவிய அட்டை

கல்மண்டபம் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பூட்டிய கடை ஒன்றின் முன்னால் ஓர் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பபிள்கம்முடன் இலவசமாக வந்த பழைய கிரிக்கெட் அட்டைகளை வாங்குவார். மடியில், நெட்டிலிருந்து பிரிண்ட் எடுத்துத் தைத்த விலைக் கையேடு இருக்கும். அதைத் திறப்பதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு அட்டையின் நான்கு ஓரங்களையும் கீழுதட்டில் ஓட்டிப் பார்ப்பார். அவ்வளவு பெரிய உடம்புக்காரர் அப்படிச் செய்வது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

கையேட்டில் நல்ல விலை போட்டிருந்த அட்டை ஒன்று என்னிடம் இருந்தது. மூலைகள்தான் நைந்திருந்தன. மூலை கூராக இருந்தால்தான் முழு விலை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் அன்று காலை பிளேடால் நான்கு பக்கமும் மயிரிழை அளவு சீவிவிட்டு எடுத்துப் போனேன்.

உதட்டில் வைத்தவர் கண்ணைத் திறந்தார். வேறோர் அட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். என்னுடையது சிறுத்திருந்தது.

"இன்னா நைனா, ஓரத்த சீவிட்டியா?"

"இல்லண்ணா, மொதல்லருந்தே அப்டித்தான் கீது."

அவர் பையிலிருந்து தன் ஆல்பத்தை எடுத்து விரித்தார். பக்கம் முழுக்க அட்டைகள். நடுவில் ஓர் உறை மட்டும் காலி. என் அட்டையை அதில் செருகினார்.

"நைஞ்சி போயிருந்தாகூட எட்த்துகினு இருப்பேன்பா. ரொம்ப நாளா இத்தத்தான் தேடிகினு கீறேன்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உருவி, என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த உறை நிரம்பியதா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.