படியில் உட்கார்ந்தவர்கள்

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் என் வீட்டுக்கு எதிரே ஒரு சலவைக்கடை. கஞ்சி போட்ட சட்டையைத் தேய்க்கும் வாசம் வந்தால் எனக்குக் கோர்ட்டு ஞாபகம்தான் வரும். சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரலாம். என் மூக்கு அப்படி அமைந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளிகளுக்குக் கட்டிய லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். எங்கள் லயத்துச் செல்லையாவைக் கொலை வழக்கில் பிடித்து ஈப்போ கோர்ட்டில் நிறுத்தினார்கள். செத்தவர் பெரிய பணக்காரர் என்பதால் தினமும் பேப்பரில் அதே பேச்சு. செல்லையா என்ற பெயரைவிட 'தோட்டத்து இந்தியன்' என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன்மேல் பழி வந்து கோயிலில் பஞ்சாயத்து கூடினால், அவனை நம்புகிறவர்கள் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை உடுத்தி அவன் பின்னால் உட்காருவார்கள். வாய் திறக்க வேண்டாம். உட்கார்ந்தாலே சாட்சி. கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகாமல் லாரி பிடித்து லயமே கிளம்பியது. அண்ணன் சட்டைக்குக் கஞ்சி போட்டது நான்தான். கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். அண்ணன் இல்லாமலே அந்தச் சட்டை போய் உட்கார்ந்திருக்கும். உள்ளே இடமில்லை என்றார்கள். வாசல் படிகளில் வரிசையாக உட்கார்ந்தோம்.

மறுநாள் இங்கிலீஷ் பேப்பரில் படம். முன்வரிசையில் அண்ணன். அம்மா பூரித்துப்போய் அதை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஆங்கிலம் படித்த, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து, படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்துச் சொன்னார். கொலைகாரனின் கும்பல் கோர்ட்டை மிரட்ட வந்ததாம்.

அண்ணனுக்குத் தெலுக் இந்தானில் பஸ் கண்டக்டர் வேலை உறுதியாகியிருந்தது. சேரப் போனவன் மத்தியானமே திரும்பி வந்தான்.

"மேனேஜர் மேச மேல அந்தப் பேப்பர் கெடக்கும்மா. இந்தியனுங்களே வேணாம்னுட்டான்லா. அங்க வந்திருந்த நம்ம பையனுங்க எல்லாத்தையும் அனுப்பிட்டான்."

"நீ என்னடா செஞ்ச?"

"உக்காந்தேம்மா."

அந்தப் பையன்களில் யாரும் படத்தில் இல்லை. செல்லையாவை அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

அப்பீலில் செல்லையா விடுதலையானான். அந்தச் செய்தி உள்பக்கத்தில் நாலு வரி. படம் கிடையாது. அண்ணன் மறுபடியும் பால்வாளியைத் தூக்கினான். பிறகு தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், கோயில் இருந்த இடத்தில் ரோடு போகிறது.

போன வாரம் டிவியில் கைவிலங்கோடு ஒரு தமிழ்ப் பையன். எங்கள் பழைய லயத்துக் குடும்பம்தான்.

"அண்ணே, கோர்ட்டுக்குப் போலாமா?"

"கேமரா இருக்கும்லா. வேணாம்."

நான் மட்டும் போனேன். படியில் அவன் அம்மா தனியாக, முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். பக்கத்தில் உட்காரப் போனேன். சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"உக்காராதீங்கக்கா. ஒங்களையும் படம் புடிச்சிருவாங்க."