பிரேக் சார் பொரித்த டோனட் உருண்டைகள்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்வேன். மீதிப் பாதி, என்னிடம் வந்து இரண்டே நாளில் பயந்து வேறு ஆளிடம் போனவர்கள். கற்றுக்கொடுக்கிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வண்டி கொஞ்சம் உறுமினாலே என் கால் தானாக அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'பிரேக் சார்'. அவர்கள் என் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். எங்கள் டிரைவிங் பள்ளி முதலாளி முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்.

கல்யாணமான புதிதில் என் மனைவிக்கும் நானேதான் கற்றுத்தருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஒரு சந்து முனையில் அவள் காரை ஓரங்கட்டி, சாவியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். அப்புறம் எங்கள் பள்ளியிலேயே வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியையிடம் படித்து, முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கினாள். அந்த அம்மாளை எல்லோரும் 'அமைதி மேடம்' என்பார்கள். அவர் கற்றுக்கொடுக்கிற காருக்குள் யாரும் இருக்கிறார்களா என்றே சந்தேகம் வரும். என் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் தெருவுக்கே பாடம் நடக்கும்.

எங்கள் பள்ளிக்கு வருடா வருடம் ஆண்டு விழா உண்டு. விழா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கார் நிறுத்துகிற கொட்டகையில் நாற்காலி போட்டு, டீ குடித்து, பலகாரம் தின்று கலைவோம். பலகாரம் எப்போதும் அமைதி மேடம் வீட்டு கேக்தான். அதை எல்லோரும் புகழ்வதை வருடா வருடம் கேட்டுக் கேட்டு எனக்குள் ஏதோ புளித்துக் கிடந்திருக்க வேண்டும். இந்த வருடம் அவர் கேக் சுடுகிற ஓவன் பழுதாகிவிட்டது.

"சரி, கடையில வாங்கிக்கலாம்," என்றார் முதலாளி. "சின்னச் சின்னதா டோனட் உருண்டை விக்கிறாங்களே, டோனட்டோட நடு ஓட்டையில இருந்து எடுக்கறது. அது போதும்."

"அதுக்கு எதுக்கு சார் கடை?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "மாவை உருட்டி எண்ணெயில போடறதுதானே. நான் பண்ணிட்டு வரேன்."

அமைதி மேடம் என்னை அக்கறையாகப் பார்த்தார். "உங்க வீட்டம்மாவுக்குக் கையில கட்டு பிரிச்சாச்சா?"

"இன்னும் பிரிக்கல. நான் பண்றேன்னுதான் சொன்னேன் மேடம்."

"ஓ," என்றார் அவர். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருந்தால்கூட நான் பின்வாங்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தாள். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"டோனட்டோட ஓட்டைதானே? ஓட்டை வாய்க்காரரு ஓட்டை பண்ணப் போறாரு. பொருத்தம்தான்."

"கிண்டல் பண்ணாதே. வீடியோ பார்த்துட்டேன். சுலபம்."

"முழுசாப் பார்த்தீங்களா?"

வீடியோவின் ஆரம்பத்தில் ஒரு பெண் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். அதைத் தள்ளிவிட்டு, உருண்டை பொன்னிறமாக மிதக்கிற இடத்திலிருந்து பார்த்திருந்தேன். ஆனாலும் "பார்த்தேன்" என்றேன்.

விழாவுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. சாப்பாடு முடிந்ததும் அடுப்படிக்குள் இறங்கினேன். எங்கள் அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி ஒரு நாற்காலியை வாசல் நிலையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, ஈஸ்ட் எல்லாவற்றையும் மேடையில் வரிசையாக வைத்தேன். அந்த வரிசை மட்டும் அன்றைக்குக் கடைசிவரை ஒழுங்காக இருந்தது.

பாலைக் காய்ச்சினேன். பொங்கி வந்ததும் இறக்கினேன்.

"கொஞ்சம் ஆற விடுங்க," என்றாள்.

"சூடா இருந்தாத்தான் மாவு சீக்கிரம் பொங்கும்," என்று ஈஸ்ட்டின் தலையில் அப்படியே கொட்டினேன். பிசைந்து, துணி போட்டு மூடி, பக்கத்திலேயே காத்திருந்தேன். நிமிஷத்துக்கொரு தரம் துணியைத் தூக்கிப் பார்த்தேன். மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. விரலால் குத்தினேன், குழி அப்படியே நின்றது.

"ஈஸ்ட் செத்துப்போச்சு. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா அது என்ன பண்ணும் பாவம்?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்."

சொல்லியிருந்தாள்தான். மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை பால் விரல் பொறுக்கிற சூட்டுக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாவு இரண்டு கையிலும் பிசின் மாதிரி அப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மூக்கால் தேய்த்து எடுத்தேன். முதலாளி.

"என்ன பிரேக் சார், கடையில சொல்லிடவா?"

"வேலை நடந்துட்டிருக்கு சார்," என்றேன், கம்பீரமாக. போனில் ஒட்டிய மாவு இன்றைக்கும் அதன் ஓரத்தில் இருக்கிறது.

மாவு உப்பியது. துணியைத் தூக்கியதும், பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு வழுக்கைத் தலை மாதிரி எழுந்து நின்றது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெருமைதான் கெடுத்தது. உருண்டைகளைச் சின்னதாகப் பிடித்தால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்று ஒவ்வொன்றையும் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உருட்டினேன். எண்ணெய் நன்றாகக் காயட்டும் என்று அடுப்பை முழுதாக எரியவிட்டேன். புகை கிளம்பியபோது, பதம் வந்துவிட்டது என்று நினைத்து, முதல் உருண்டையை மேலேயிருந்து போட்டேன். எண்ணெய் முழங்கைவரை தெறித்தது. நான் பின்னால் குதித்து அலமாரியில் மோதினேன். மேலே இருந்த தட்டுகள் ஆடின. பயத்தில் மற்ற உருண்டைகளையும் தூரத்திலிருந்தே எறிந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் கரி. ஒன்றை எடுத்துப் பிய்த்தேன். உள்ளே பச்சை மாவு நூல் நூலாக இழுத்தது.

என் மனைவி எழுந்து வந்து, இடது கையால் அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்தாள்.

"ஏதாவது சொல்லேன்," என்றேன்.

"என்ன சொல்ல?"

"திட்டவாவது செய். சும்மா உக்காந்திருந்தா எப்படி?"

அவள் கட்டின் நுனியை நெருடினாள். "அன்னிக்கு ஏன் சாவியக் குடுத்துட்டு இறங்கிப் போனேன், தெரியுமா உங்களுக்கு?"

"நான் கத்தினேன்."

"கத்தினது பழகிடுச்சுங்க. நான் பிரேக்ல கால் வைக்கறதுக்கு முன்னாடி நீங்க மிதிச்சிடுவீங்க. ஒவ்வொரு தடவையும். வண்டி நின்னது என்னாலயா, உங்களாலயான்னு எனக்குத் தெரியவே இல்ல. இப்படியே போனா எனக்கு ஓட்ட வராதுன்னு தோணிச்சு. அதான் போயிட்டேன்."

இத்தனை வருடமாக நான் என் குரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காலைப் பற்றி யோசித்ததே இல்லை.

"உங்களுக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கேக்கல. சரி, கருக்கட்டும், கருக்கினா தானே தெரியும்னு விட்டுட்டேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "இன்னும் பாதி மாவு இருக்குல்ல?"

இருந்தது. புது எண்ணெய் ஊற்றி, அடுப்பைத் தணித்தேன். ஒரு துணுக்கு மாவைக் கிள்ளிப் போட்டேன். அது அடியில் போய் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் காய விட்டு, இன்னொரு துணுக்கைப் போட்டேன். மெல்லக் குமிழ் விட்டுக்கொண்டு மேலே வந்தது.

"இப்பப் போடலாமா?"

"நீங்களே பாருங்க."

சின்னச் சின்னதாக உருட்டி, வாணலியின் ஓரமாக ஒவ்வொன்றாக நழுவ விட்டேன். சில உருண்டைகள் வெந்த பக்கத்தை மேலே காட்டித் தாமாகவே புரண்டன. சில என்ன செய்தாலும் புரள மறுத்தன. ஜல்லிக்கரண்டியால் பிடித்து அமுக்கி வைத்தேன். எடுத்து, சூடு ஆறுமுன் பொடித்த சர்க்கரையில் புரட்டினேன். ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு. அதன் பாதியை அவளிடம் நீட்டினேன். அவள் முகவாயெல்லாம் சர்க்கரை ஒட்ட மென்றாள்.

"நல்லாருக்கு. உப்பு போட்டீங்களா?"

நான் மேடையைப் பார்த்தேன். உப்பு டப்பா திறக்காமலே இருந்தது.

"பரவால்ல, சர்க்கரையில தெரியாது," என்றாள்.

மறுநாள் தகர டப்பாவோடு கொட்டகைக்குள் நுழைந்தேன். மனைவியும் வந்தாள். முதலாளி மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"என்ன பிரேக் சார், இதுக்கு வால் இருக்கு?"

உருண்டையை விடும்போது விரலில் ஒட்டி இழுத்ததால் பாதிக்குமேல் தலைப்பிரட்டை மாதிரிதான் இருந்தன. "பிடிச்சுச் சாப்பிட வசதியா இருக்கட்டும்னு வச்சேன் சார்," என்றேன்.

ஆனால் டப்பா காலியானது. அமைதி மேடம் ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினார். "எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"பாலுதான் மேடம் முக்கியம். வெதுவெதுன்னு இருக்கணும். நிறையப் பேரு அவசரப்பட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊத்திடறாங்க. எண்ணெயும் அப்படித்தான். பொறுமை வேணும். சில பேருக்கு அது இருக்கறதே இல்ல."

"யாருங்க அந்தச் சில பேரு?" என்றாள் என் மனைவி, டீயை ஊதிக்கொண்டே.

அமைதி மேடம் சிரித்தார். அவருக்கு அவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரமே அவர் வீட்டிலிருந்து ஒரு டப்பா வந்தது. எல்லாம் கோலிக்குண்டு மாதிரி ஒரே அளவு, ஒரே உருண்டை. முதலாளி ஒன்றைத் தின்றுவிட்டு, அடுத்த ஆண்டு விழாவுக்கும் இதுவே இருக்கட்டும் என்று அங்கேயே முடிவு செய்தார். எனக்குக் காகிதத் தட்டு வாங்கும் பொறுப்பு கிடைத்தது.

வகுப்பில் இப்போது என் காலை இருக்கைக்கு அடியில் மடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு நர்ஸ் முதல்முறையாகத் தானே வளைவில் வேகத்தைக் குறைத்துத் திருப்பினார். எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதில் இறங்கி நொண்டினேன். அவர்தான் நீவிவிட்டு அனுப்பினார். நான் கத்துவது மட்டும் நிற்கவில்லை.

மனைவிக்குக் கட்டுப் பிரித்துக் கை சரியாகிவிட்டது. ஆனால் சனிக்கிழமை டோனட் உருண்டை மட்டும் என் வேலை என்று சொல்லிவிட்டாள். அடுப்படி வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பாள். நேற்று ஒரு வாணலி நிறையக் கருகிவிட்டது. அவள் பேப்பரை ஒரு பக்கம் திருப்பினாள். புகை போக ஜன்னலை மட்டும் திறந்துவிடச் சொன்னாள்.