நாலு வீடு தள்ளி

என் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு மனு இருக்கிறது. ஒரே பக்கம், பதினொரு வரி, இருபத்து மூன்று பெற்றோரின் கையெழுத்து. எழுதியவர் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர்.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் மருத்துவமனை ஆலோசனைக் குழுவில் இடம்பெற வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. அதற்கு முன் கூட்ட நடைமுறை பழக வேண்டுமே என்று ராஜபாளையத்தில் எங்கள் தெரு நலச் சங்கத்தில் சேர்ந்தேன். உறுப்பினர் ஒன்பது பேர். ஐந்து பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். விதிகளை மூன்று முறை படித்திருந்தேன்.

அங்கன்வாடிக்குப் பக்கத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கேட்டு டீச்சர் மனுவோடு வந்த அன்று நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம்.

"எங்க வாசல்லருந்து கிணத்துக்குப் பதினேழு எட்டு வச்சாப் போதும் சார். புள்ளைக ஓடுறதுக்கு எம்புட்டு நேரமாகும்?" என்றார்.

செயலாளர், ஓய்வுபெற்ற ஏட்டையா, தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார். வராதவர் வீட்டுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பிறகு கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம். "அது செல்லாது, ஒரு ஆள் குறையுது" என்றேன்.

"வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று ஏட்டையா சிரித்தார். கூட்டம் அடுத்த மாதத்துக்குப் போனது.

"அப்ப நீங்களே வச்சுக்கோங்க சார். மறந்துராதிய" என்று டீச்சர் மனுவை என் கையில் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள், பந்தின் பின்னால் ஓடிய குழந்தையைக் கிணற்று விளிம்பில் இழுத்துக் காப்பாற்றிவிட்டு, டீச்சர் உள்ளே விழுந்தார். தண்ணீர் முழங்கால் அளவுதான். இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலருகே போய் நின்றேன். என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க எண்ணுனது சரிதான சார்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்றும் அவர் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். என் வீட்டைக் கடக்க முப்பத்தொரு தட்டு. கதவைச் சாத்தினாலும் கேட்கிறது.

இப்போது நான் அந்த மருத்துவமனை ஆலோசனைக் குழுவில் இருக்கிறேன். போன கூட்டத்திலும் ஒருவர் குறைந்தார். வாசலில் ஒரு அம்மா காகிதத்தோடு நின்றிருந்தார். கலைந்துவிடலாமா என்று தலைவர் கேட்டார். "வராதவரப் போன் போட்டுக் கூப்பிடுங்க. அவர் வார வரைக்கும் நான் எந்திரிக்கல" என்றேன். ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து அவர் வந்தார்.

பேருந்தில் திரும்பும்போது பையைத் தொட்டுப் பார்த்தேன். மனு இருந்தது. சங்கக் கூட்டத்துக்கு அன்று வராத ஐந்து பேரில் ஒருவரின் வீடு, நாங்கள் கூடியிருந்த இடத்திலிருந்து நாலு வீடு தள்ளி. அவர் வீட்டில்தான் இருந்தார். போய்க் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை.